ஏரிக்கோட்டைத் தொரைக்கு ஒரு சுருட்டு

மார்கழிப் பனியில் ஏரி எது, கரை எது என்று தெரியவில்லை. நாங்கள் நான்கு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அயனம்பாக்கம் ஏரிக்கரை மேல் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் போகிறவளின் முந்தானையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருகிறவள் நடக்க வேண்டும். முந்தானை மறைந்துவிட்டால் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

எல்லாருக்கும் முன்னால் என் மாமியார். இடுப்பில் ஒரு கூடை. அதில் தேங்காய் இல்லை, பழம் இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை. நாலு பன், ஒரு பொட்டலம் பிஸ்கட், ஒரு சுருட்டு, ஒரு தீப்பெட்டி. சாமி கும்பிடப் போகிற கூடையில் பன்னை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவருக்குப் பின்னால் சேக்காட்டிலிருந்து முந்தின நாள் பஸ் பிடித்து வந்திருந்த சம்பந்தியம்மா. எங்கள் வீட்டில் அவரைச் சேக்காட்டம்மா என்போம். அடுத்து அவருடைய மருமகளும் என் வீட்டுக்காரரின் அக்காவுமான வேதவல்லி. கடைசியில் நான், கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் திரும்பாதவள்.

"சரோ, பின்னாடி வர்றியாடி?" என்று வேதா அக்கா திரும்பாமலே கேட்டாள்.

"வந்துகினுதான் கீறேங்க்கா."

"இங்கிலீசு நெனப்புல கீதா?"

"கீதுக்கா."

பச்சைப் பொய். பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. நாணலுக்குள் எங்கோ நாமக்கோழிகள் கத்தின. சத்தம் ஏரியிலிருந்து வருகிறதா, ஆகாயத்திலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. எங்கள் காலடிச் சத்தம்கூட வேறு யாரோ நடப்பதுபோல் கேட்டது. இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அந்தக் காலை நேரத்தில் பாதியை நான் தூங்கிக்கொண்டே நடந்திருப்பேனோ என்று தோன்றுகிறது.

செருப்போடு வரச் சொல்லும் சாமி

நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஏரிக்கோட்டைக்கு. கோட்டை என்றதும் அகழி, கொத்தளம், பீரங்கி என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி நினைத்துக்கொண்டு போய் நானே ஏமாந்தேன். ஏரி வளைகிற இடத்தில், உபரித் தண்ணீர் வழியும் கலங்கலைத் தாண்டி, முட்புதருக்கு நடுவே ஆளுயரச் செங்கல் சுவர்கள். வரிசையாக வளைவு வைத்த அறைகள். கூரை எப்போதோ போய்விட்டது. துப்பாக்கி நீட்டுவதற்கென்று சுவரில் விட்டிருந்த துவாரங்களில் மைனாக்கள் குடித்தனம் நடத்தின. ஏரிக்குள் இறங்கும் கருங்கல் படிகள் மட்டும் அப்படியே இருந்தன.

வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லிப் பக்கம் பட்டாளம் இருந்தது எல்லாருக்கும் தெரியும். அதில் காய்ச்சலில் விழுந்தவர்களை ஏரிக்காற்று வாங்க இங்கே கொண்டுவந்து போடுவார்களாம். தேறியவன் திரும்பிப் போவான். தேறாதவன் இங்கேயே இருந்துவிடுவான். எந்தப் பட்டாளம், எந்த வருஷம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அதையெல்லாம் கேட்டது நான் ஒருத்திதான் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது.

அப்படி இருந்துவிட்டவர்களில் ஒருவர்தான் தொரை. கடைசி அறைக்குள் அவருடைய கல்லறை. கல்லில் ஏதோ எழுதியிருந்திருக்கிறது. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தெல்லாம் தூர்ந்துபோயிருந்தது. பெயர் என்ன என்று கேட்டால், "தொரைன்னா தொரைதான்" என்பார்கள்.

அவரைக் கும்பிட முறைகள் உண்டு. பொங்கல் வைக்கக் கூடாது, அவர் சோறு தின்னாதவர். ரொட்டி, பன், பிஸ்கட் வைக்கலாம். மஞ்சள் குங்குமம் ஆகாது. கைகூப்பக் கூடாது, சல்யூட் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிரயோஜனமில்லை, அன்று அவருக்கு ஓய்வு. எல்லாவற்றையும்விட விசேஷம், வெறுங்காலோடு அவர் முன்னால் போகக் கூடாது. பட்டாளத்துக்காரருக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றால் மரியாதைக் குறைவாம். எங்கள் நால்வரில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற எனக்கு மட்டும்தான் செருப்பு. மற்ற மூவரும் அக்கம்பக்கத்து ஆண்களிடம் இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். என் மாமியாரின் செருப்பு அவர் ஒரு அடி வைத்தால் அரை அடிதான் வரும்.

பிராந்தியும் வைக்க வேண்டும். ஆனால் அப்போது மதுவிலக்கு. சாமிக்கென்று சொன்னாலும் போலீஸ்காரர் விட மாட்டார். அதனால் அங்கே பூசாரியாக இருந்த சோடா மாணிக்கம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊர் ஊராகச் சைக்கிளில் கோலி சோடா விற்கிறவர் அவர். "தொரை சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரு. சோடா போதும்னுட்டாரு" என்று ஊருக்கு அறிவித்துவிட்டார். யார் வந்து சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. தொரைக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் எதைக் கேட்பதானாலும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். முன்பெல்லாம் மாணிக்கத்தின் மாமா ஒருவர் கேட்டுச் சொல்வாராம், வெள்ளைக்காரன் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். அவர் காலமான பிறகு தொரையோடு பேச ஆள் இல்லை. பிஸ்கட்டை வைத்து சல்யூட் அடித்துவிட்டு எல்லாரும் பேசாமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான் அந்த ஊருக்கு மருமகளாக வந்து சேர்ந்தேன்.

வராத மனிதர்

வேதா அக்காவின் வீட்டுக்காரர் தணிகாசலம் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். கல்யாணமாகி சில மாதம்தான் கூட இருந்தார். பிறகு ஒரு தடவை லீவில் வந்தார். அப்போது எடுத்த போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார், ஆனால் கண் பக்கத்தில் இருப்பவளையே பார்க்கிறது. போட்டோக்காரர் நேரே பார்க்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாராம்.

வடக்கே எல்லையில் சண்டை வந்தது. பனிமலைப் பக்கம் போனதாகக் கடுதாசி வந்தது. பிறகு தந்தி. இறந்துவிட்டார் என்று அதில் இல்லை, காணவில்லை என்றுதான் இருந்தது.

இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். காணவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கு முறை எதுவும் கிடையாது. வேதா அக்கா சேக்காட்டிலிருந்து தாய்வீட்டுக்கு வந்தாள். பூ வைத்துக்கொண்டாள், பொட்டு வைத்துக்கொண்டாள், தாலியில் மஞ்சள் பூசிக்கொண்டாள். ஊர் முதலில் பாவம் என்றது. சண்டை முடிந்து ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போனதும் ஊரின் பார்வை மாறிவிட்டது.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அவளோடு போனேன். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு ஒரு அம்மாள் வரிசையாக வந்தார். எனக்குக் கொடுத்தார். வேதா அக்காவிடம் வந்ததும் கை நின்றது. கொடுப்பதா, தாண்டிப் போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. வேதா அக்கா சிமிழுக்குள் தானே விரலை விட்டு எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் பிறகு யாரும் எங்களோடு பேசவில்லை. வரும் வழியில், "இன்னாடி மூஞ்ச தூக்கி வெச்சிகினு வர்றே? சொந்த நெத்திதானே" என்று என்னைக் கிண்டல் செய்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அந்த வருஷம் சேக்காட்டில் தணிகாசலத்தின் தம்பிக்குப் பெண் பார்த்துத் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. பெண் வீட்டார் ஒன்று கேட்டார்கள். மூத்தவன் காரியம் முடியாமல் இருக்கும் வீட்டில் எப்படிப் பெண் கொடுப்பது? சேக்காட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி, மார்கழிக்குள் கருமாதியை முடித்துவிடுவது என்றார்கள். வேதவல்லி தாலியைக் கழற்ற வேண்டும்.

"பொணத்த காட்டுங்க. அப்பால கழட்றேன்" என்றாள் வேதா அக்கா.

பிணத்துக்கு எங்கே போவது? பேச்சு நீண்டு நீண்டு, இரண்டு வீட்டுக்கும் முகம் கொடுத்துப் பேச முடியாத நிலை வந்தது. அப்போதுதான் என் மாமியார் தொரையின் பேச்சை எடுத்தார்.

"பட்டாளத்து ஆளு எங்க கீறான்னு பட்டாளத்து சாமிக்குத் தெரியாதா? அவரையே கேட்டுடலாம். சுருட்டு பத்த வெச்சி வெப்போம். கடேசி வரைக்கும் எரிஞ்சா நல்ல சேதி. நடுவுல அணைஞ்சா..."

"அணைஞ்சா நீங்க சொல்றத கேக்கறேன்" என்றாள் வேதா அக்கா. "போதுமா?"

ஆக, அந்தக் கூடையில் இருந்த ஒரு சுருட்டில்தான் அவளுடைய தாலி இருந்தது. அதைத் தொரையிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான்.

என் ஆங்கிலம்

என் ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லியில் படித்தேன், பாஸும் செய்தேன். அதற்கு மேல் கிளற வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்போதுதான் பட்டறைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மோட்டாருக்குக் காயில் சுற்றும் இடத்தில் எனக்கு வேலை. பெண்கள் கை பட்டால் செம்புக் கம்பி அறாது என்று எங்களை எடுத்தார்கள். சூப்பர்வைசர் ஏதாவது கேட்டால் "எஸ் சார்", திட்டினால் "சாரி சார்". இது என் மாமியார் வாய்க்குப் போனதும், "எங்க ஊட்டு மருமவ கம்பெனில இங்கிலீசுலதான் பேசும்" என்று ஆகிவிட்டது. கிணற்றடியில் அவர் இதைச் சொல்லும்போது நான் குடத்தோடு அந்தப் பக்கம் போக மாட்டேன்.

"அத்தே, எனக்கு அவ்ளோலாம் வராது அத்தே" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அவரு மட்டும் இன்னா பி.ஏ.வா படிச்சிருப்பாரு? பட்டாளத்து ஆளுதானே. வர்றத பேசு" என்றார்.

எனக்குத் தண்ணீர் பட்ட பாடாக வந்த ஆங்கிலம் ஒன்றே ஒன்று, லீவ் லெட்டர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. பட்டறையிலும் அதையேதான் எழுதிக் கொடுப்பேன். கோட்டைக்குப் போவதற்காக முந்தின நாள்கூட ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இருந்தாலும் பொறுப்பாக உட்கார்ந்து நாலு வாக்கியம் தயார் செய்தேன். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து தொரையாக நடித்தார். நான் வாயைத் திறந்தாலே சிரித்தார். அவர் இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லி என்னை ஓட்டியிருக்கிறார்.

பனிக்குள்ளே

கோட்டையை நெருங்கியபோது பனி இன்னும் கெட்டியாக இருந்தது. சுவர்கள் கிட்டப் போன பிறகுதான் தெரிந்தன. பழைய செங்கலின் ஈர வாசனையும், எருக்கஞ்செடி வாசனையும், ஏரிச் சேற்று வாசனையும் கலந்து வந்தன. வளைவுகளுக்குள் நுழைந்தால் எங்கள் மூச்சே எங்களுக்குக் கேட்டது.

ஒவ்வொரு அறையாகத் தாண்டிப் போகும்போது எனக்குள் ஒரு கலக்கம். இந்த அறைகளில் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுத்திருந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. கடல் தாண்டி எங்கேயோ அவர்களுக்கும் வாசல் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள். காய்ச்சல் விட்ட சாயங்காலம் அந்தப் படிகளில் உட்கார்ந்து ஏரித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு ஊரை நினைத்திருப்பார்கள். எனக்கு அவர்கள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பயமாக இல்லை. பேச்சுக் கொடுத்தால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பட்டது.

வேதா அக்கா சட்டென்று நின்றாள்.

படிக்கட்டின் கீழே, தண்ணீர் ஓரத்தில், ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். உயரமாக, அசையாமல், ஏரியைப் பார்த்துக்கொண்டு. நானும் பார்த்தேன். சேக்காட்டம்மாவும் பார்த்தார். வேதா அக்கா கடன் வாங்கிய செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவளையும் பனி மூடிக்கொண்டது. அப்புறம் அவள் குரல் மட்டும் வந்தது.

"தூணு. ஒடஞ்ச தூணு."

திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டபோது அவள் உள்ளங்கையில் பாசி ஒட்டியிருந்தது. அந்தத் தூணை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று எனக்குத் தெரியாது.

மாணிக்கம் சைக்கிளை வளைவில் சாய்த்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். தலையில் மப்ளர், காலில் பளபளவென்று பாலிஷ் போட்ட பழைய பூட்ஸ். கல்லறை மேல் பன்னையும் பிஸ்கட்டையும் அடுக்கினார். சோடாப் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பேசும்மா. தொரை ரொம்ப நாளா யாரும் பேசாம கீறாரு" என்றார்.

நால்வரும் வரிசையாக நின்று சல்யூட் வைத்தோம். நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"ரெஸ்பெக்டட் சார்," என்றேன். அது சரியாகத்தான் வந்தது. அடுத்த வாக்கியத்தைத் தேடினேன், காணோம். தயார் செய்த நாலும் பனியோடு போய்விட்டன. பின்னால் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வாய் தானாக ஓட ஆரம்பித்தது.

"ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..."

ஐயோ என்று இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. சரி, காய்ச்சல் என்றால் என்னவென்று தொரைக்குத் தெரியாதா என்று ஒரு தைரியமும் வந்தது. "ஐ ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட்" என்பது வரை போனேன். அடுத்து "மீ" என்று வர வேண்டும். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் கேட்க வேண்டியதும் இதுதானே?

"மிஸ்டர் தணிகாசலம்" என்றேன். "லீவ்" என்றேன். எத்தனை நாள்? இரண்டு நாள் என்றுதான் எப்போதும் எழுதுவேன். பனிமலையிலிருந்து ரயில் ஏறி வந்து சேரவே அது போதாது என்று நினைத்து, "ஃபார் மெனி மெனி டேஸ்" என்று மாற்றினேன். "தாங்க்கிங் யூ சார், யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று முடித்து இன்னொரு சல்யூட் வைத்தேன்.

திரும்பினால், வேதா அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறாள். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

"லீவா கேட்டே?" என்றார் சேக்காட்டம்மா.

"ஆமாம்மா."

"அதான் கேக்கணும்" என்றார் மெதுவாக.

சுருட்டு

மாணிக்கம் சுருட்டைப் பற்ற வைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, நெருப்பு நன்றாகப் பிடித்ததும் கல்லறை விளிம்பில் வைத்தார். எல்லாரும் அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றோம். புகை நேராகக் கிளம்பிப் பனியில் கலந்தது. சாம்பல் நீண்டது, விழுந்தது, மறுபடி நீண்டது. கொக்கு ஒன்று தலைக்கு மேல் பறந்து போனது. சிறகு அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பாதி எரிந்திருக்கும். ஏரிப் பக்கமிருந்து ஜிலுஜிலுவென்று காற்று வந்தது. சிவப்பு மங்கியது. மாணிக்கம் குனிந்து ஊதினார். இன்னும் குனிந்து ஊதினார். நிமிர்ந்தபோது அவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அணைஞ்சிடுச்சும்மா."

என் மாமியார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சேக்காட்டம்மா முன்னால் வந்து அணைந்த சுருட்டைக் குனிந்து பார்த்தார். இத்தனை நாள் கருமாதி கருமாதி என்று பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தபோதுதான், பெற்றவளும் இதுவரை நம்பாமல்தான் இருந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

வேதா அக்கா கூடையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். நேராகப் போய்க் கல்லறை மேலிருந்த சுருட்டை எடுத்து வாயில் வைத்தாள். பனியில் நமுத்துப்போன குச்சி. கிழித்தாள், பற்றவில்லை. இன்னொன்று கிழித்தாள். பற்றிக்கொண்டது.

"அடியே வேதா! இன்னாடி பண்றே? அது தொரைக்கு வெச்சது!" என்று அலறினார் என் மாமியார்.

"தொரை வேணாம்னுட்டாரு இல்ல? இப்ப இது என்து."

இழுத்தாள். இருமினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பீடி நெடி வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவள் அவள். போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, ஏரியைப் பார்த்தபடி, இருமி இருமி இழுத்தாள். நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை. அந்தச் சுருட்டு விரலைச் சுடுகிற வரை அவள் விடவில்லை. பிறகு துண்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"முச்சூடும் எரிஞ்சிடுச்சி. அல்லாரும் பாத்தீங்க இல்ல? ஏரிக்காத்துல நெருப்பு அணைஞ்சதுக்கா என் தாலிய கழட்டச் சொல்றீங்க?"

பதில் சொல்ல வேண்டியவர் மாணிக்கம். எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் மப்ளரை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார், கல்லறையைப் பார்த்தார்.

"சுருட்டு கடேசி வரைக்கும் எரியணும்னுதான் எங்க மாமா சொல்லிகீறாரு. யாரு வாய்ல எரியணும்னு சொல்லல" என்றார்.

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. வேதா அக்காவுக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது. குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள். சேக்காட்டம்மா போய்த் தலைமாட்டிலிருந்த சோடாவை எடுத்தார்.

"ஒடைச்சிக் குடு மாணிக்கம்."

"அது தொரைக்கு..."

"தொரைக்கு அப்பால வெப்பே. பொண்ணு இருமிகினு கீது பாரு."

கோலி உள்ளே விழுந்து சோடா பொங்கியது. சேக்காட்டம்மா மருமகளின் தலையைத் தாங்கிப் பிடித்து, குழந்தைக்குப் புகட்டுவதுபோல் புகட்டினார். "தொண்ட எரியுதா? மொள்ள குடி. மொள்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குடித்து முடித்த பிறகும் தலையை விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அப்போது வெயில் வந்தது. பனி தண்ணீர் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, ஏரி முழுதும் கண்ணுக்குத் தெரிந்தது. அத்தனை பெரிய ஏரி என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் பசித்தது. மாணிக்கம் பன்னை எடுத்துப் பிரசாதம் என்று ஆளுக்கு ஒன்று கொடுத்தார். படியில் உட்கார்ந்து தின்றோம்.

அதற்குப் பிறகு

கருமாதி நடக்கவில்லை. சேக்காட்டம்மா பெண் வீட்டுக்கு நேரில் போய், "எங்க மூத்தவன் லீவுல வருவான். இஷ்டம்னா பொண்ண குடுங்க" என்று சொன்னாராம். கொடுத்தார்கள். தையில் கல்யாணம் நடந்தது. சேக்காட்டம்மா குங்குமச் சிமிழைத் தானே எடுத்துக்கொண்டு வந்து, பந்தலில் முதலில் வேதா அக்காவுக்குத்தான் வைத்துவிட்டார். அதன் பிறகு எந்த வீட்டிலும் அவள் முன்னால் ஒரு கை தயங்கி நான் பார்க்கவில்லை.

தணிகாசலம் வரவில்லை. சில வருஷம் கழித்து சர்க்கார் அவரை இறந்ததாக வைத்துக்கொண்டு காகிதம் அனுப்பியது. வேதா அக்கா அப்படி வைத்துக்கொள்ளவில்லை. அவளையும் நான் எஸ்டேட்டுக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டேன். எழுபதுகள் முழுவதும் நாங்கள் ஒரே ஷிப்டில் போய் வந்தோம். ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்டேன்.

"அக்கா, நெசமாவே வருவாருன்னு நெனைக்கிறியா?"

"அதெல்லாம் தெரியாதுடி. செத்துட்டாருன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அவ்ளோதான்."

கோட்டை எங்கள் கண்ணெதிரிலேயே கரைந்தது. வானகரத்தில் ஒரு வீடு, அயனம்பாக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை என்று செங்கல் வண்டி வண்டியாகப் போனது. தொரையின் கல்லறை எந்த மழையில் மண்ணுக்குள் போனது என்று தெரியவில்லை. இப்போது போய்த் தேடினால் அந்த இடத்தை என்னாலேயே காட்ட முடியாது. கனவில் மட்டும் வழி சரியாகத் தெரிகிறது.

வேதா அக்கா எங்கள் வீட்டில்தான் காலமானாள், போன மழைக்காலத்தில். குளிப்பாட்டிக் கூடத்தில் படுக்க வைத்தோம். என் மருமகள் ஒரு தட்டில் மஞ்சளும் குங்குமமும் மல்லிகைப் பூவும் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சுமங்கலியாக அனுப்புவதா, இல்லையா? கூடியிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சர்க்கார் காகிதம் வந்ததே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"அத்தே, இன்னா பண்றது? வெக்கலாமா, வாணாமா?" என்று என் மருமகள் என்னைக் கேட்டாள். என்னைவிடப் பெரியவர்கள் அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

என் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷமாகிறது. அந்தத் தட்டைத் தொடுவதற்கு எங்கள் வழக்கத்தில் எனக்குப் பாத்தியதை இல்லை. தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். வேதா அக்காவின் நெற்றியில் குங்குமத்தை நானே பெரிதாக வைத்தேன்.

"இந்தப் பூ பத்தாது" என்றேன். "போயி இன்னும் வாங்கிகினு வாங்க."